தீவில் விரித்த படுக்கை

மார்ச் 5, புதன்

மகள் வயிற்றுப் பேரன் கப்பலில் இஞ்சினியர். மூன்று கடல் பார்த்துவிட்டான். அவன் தங்கை பல் டாக்டருக்குப் படிக்கிறாள், மூன்றாம் வருஷம். இதுவரை ஒரு பாடத்திலும் தவறியதில்லை. மகன் வயிற்றுப் பேரன் நீச்சலில் மாநில அளவில் இரண்டாவது. முதலாவதாக வந்தவனுக்குக் கை நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். பேத்தி கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினோரு பேருக்கு மேலே. மீசை நரைத்த ஆட்கள்கூட அவளிடம் லீவு கேட்டு நிற்கிறார்கள்.

இதையெல்லாம் நான் கேட்காமலே சொல்வேன். இன்று மகனே உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னான். அடுத்த வாரம் மகன் குடும்பத்தோடு தீவுக்குப் போகிறோம். கம்ப்யூட்டர் பேத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் அவருடைய அம்மாவும் கூட வருகிறார்கள். ஒரு வாரம் ஒன்றாகச் சுற்றிப் பழகிவிட்டு, ஜூனில் கல்யாணம் என்று பேச்சு. நீச்சல்காரப் பேரனுக்குப் பரீட்சை, அவன் வரவில்லை.

"இதெல்லாம் தாராளமா சொல்லுங்கம்மா. லாட்ஜ் பேச்சு வந்தா மட்டும், நிர்வாகத்துல இருந்தேன்னு சொல்லிடுங்க. நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"என்ன நிர்வாகம்?"

"பொதுவா நிர்வாகம். யாரும் குடைஞ்சு கேக்க மாட்டாங்க. அந்தம்மா பெரிய படிப்பு படிச்சவங்க. நம்ம பொண்ணு வாழப் போற வீடு, பாத்துக்கோங்க."

சரி என்றேன். இருபத்தாறு வருஷம் லாட்ஜின் இரண்டாம் மாடியில் பன்னிரண்டு அறை கூட்டித் துடைத்துப் படுக்கை போட்டவள் நான். அந்தச் சம்பளத்தில்தான் இவன் படித்து பேங்கில் உட்கார்ந்தான். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறான்.

மார்ச் 7, வெள்ளி

புதுச் செருப்பு கடிக்கிறது.

மார்ச் 10, திங்கள்

தீவுக்கு வந்து சேர்ந்தோம். படகில் இரண்டு மணி நேரம். மருமகள் வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள். பேத்தி, பார்க்க வேண்டிய இடங்களை அச்செடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். செவ்வாய் கலங்கரை விளக்கம். புதன் கண்ணாடிப் படகு. வியாழன் அருவி. வெள்ளி ஆமைக் கரை. சனி குகை. ஞாயிறு ஊர் திரும்புதல். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு கட்டம். பார்த்து முடித்ததும் அதில் ஒரு டிக் போட வேண்டுமாம்.

ஓட்டலில் எங்களுக்கு மூன்றாம் மாடி. நானும் சம்பந்தி அம்மாவும் ஒரே அறை. பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். கதவைச் சாத்தியதும் முதல் கேள்வி:

"குறட்டை விடுவீங்களா?"

"விடுவேன்."

"நல்லது. நானும் விடுவேன். யாரு முதல்ல தூங்குறாங்களோ அவங்களுக்கு யோகம்."

ஓட்டல் அறையில் தங்குவது எனக்கு இதுதான் முதல் தடவை. உள்ளே வந்ததும் கை தானாகக் கட்டிலுக்கு அடியில் போனது, தூசி பார்க்க. தூசி இல்லை. இங்கே வேலை செய்கிறவள் யாரோ, சுத்தமாகச் செய்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்து மணிக்கே விழிப்பு. சம்பந்தி அம்மா குளிக்கப் போன நேரத்தில் இரண்டு படுக்கையையும் போட்டேன். சும்மா இருக்க முடியவில்லை, வேறு காரணம் ஒன்றும் இல்லை. அவர் ஈரத் துண்டைத் தரையிலேயே போட்டுவிட்டு வந்தார். எடுத்து உலர்த்தினேன். கழுவு தொட்டியைத் தேய்த்தேன். குழாயில் நீர்ப்பொட்டு நின்றால் எனக்குக் கண் உறுத்தும்; அதையும் துடைத்தேன்.

சம்பந்தி அம்மா ஏழு மணிக்குக் கடற்கரையில் நடக்கப் போய்விட்டார். எட்டரைக்கு அறை சுத்தம் செய்யும் பெண் தள்ளுவண்டியோடு வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இங்க யாரும் படுக்கலியா பாட்டி?"

"படுத்தோம். நானே போட்டுட்டேன்."

"விரிப்பு மாத்தணுமே."

"ஒரு ராத்திரி படுத்ததுக்கா? வேணாம், போ. உனக்கு எத்தன அறை?"

"பதினாறு."

"எனக்குப் பன்னெண்டுதான். அதுக்கே முட்டி போச்சு."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அவள் சிரித்தாள். "அதான் பாத்தேன். மூலை மடிப்பு வீட்டு மடிப்பா இல்லையேன்னு."

எங்கள் லாட்ஜில் வேலைக்காரர்களுக்குப் பெயர் கிடையாது, மாடியைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் ரெண்டாம் மாடி. அப்படிப் பார்த்தால் இவள் மூணாம் மாடி. சொன்னேன். அவளுக்குப் பிடித்திருந்தது. மகன் சொன்னதையும் சொன்னேன். "யார் கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றாள்.

பிறகு கலங்கரை விளக்கம். நூற்றுத் தொண்ணூற்றெட்டு படி. நானும் சம்பந்தி அம்மாவும் கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். மேலே போனால் தீவு முழுக்கத் தெரியுமாம். கீழே இருந்தால் இறங்கி வருகிறவர்களின் முகம் தெரிகிறது. ஏறும்போது எல்லோரும் பேசிக்கொண்டு ஏறுகிறார்கள். இறங்கும்போது ஒருவரும் பேசுவதில்லை.

"லாட்ஜ்ல உங்களுக்குக் கீழ எத்தன பேர்?" என்று கேட்டார்.

"பன்னெண்டு" என்றேன். அறையைச் சொன்னேன். ஆள் என்று நான் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

கண்ணாடிப் படகு. அடித்தட்டில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், கீழே மீன் போவது தெரிகிறது. மஞ்சள் மீன், கோடு போட்ட மீன், நகரவே நகராத பெரிய மீன் ஒன்று. அடுத்தவர் அறைக்குள் நிற்பது போல இருந்தது. மீன்கள் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. அறையில் தங்குகிறவர்களும் அப்படித்தான். நாம் வாளியோடு நின்றாலும் பேச்சை நிறுத்த மாட்டார்கள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை சண்டை, எத்தனை சமாதானம் கேட்டிருக்கிறேன்.

காலையில் மூணாம் மாடி வந்தாள். முட்டி வலி என்றாள். பார்க்கிற எனக்கே தெரிந்தது. "உக்காரு. இந்த அறைல உனக்கு வேலை இல்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பத்து நிமிஷம் உட்கார்ந்தாள். ஆறு மாசம் சோதனைக் காலமாம், வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. இதுவரை ஒரு புகார் இல்லையாம். முடிந்தால் நிரந்தரம்.

மார்ச் 13, வியாழன்

அருவி. நிறையத் தண்ணீர், நிறைய வழுக்கல். சம்பந்தி அம்மா கால் சறுக்கி என் மேல் விழுந்தார். இரண்டு பேரும் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டோம். மகன் பதறி ஓடிவந்தான். சம்பந்தி அம்மா அவனைப் பார்த்து, "எங்கள விடுங்க, நாங்க நிர்வாகம் பண்ணிக்கறோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

நல்ல மனுஷி. பேத்தி இவரோடு இருந்துகொள்வாள்.

மாலையில் அறைக்கு வந்ததும் சுற்றிப் பார்த்தார்.

"மூணு நாளா பாக்கறேன். காலைல நீங்களே எல்லாத்தையும் செய்றீங்க. சுத்தம் பண்ற ஆளே வரலியா?"

"வர்றாளே."

"வந்து? நீங்க செஞ்சத பாத்துட்டுப் போறாளா?"

"நான்தான் வேணாம்னேன்."

"நீங்க விட்டுக்கொடுக்கற ஆளு. அது தெரிஞ்சா ஏமாத்தத்தான் செய்வாங்க. நாற்பது வருஷம் பிள்ளைங்கள மேய்ச்சவ நான்."

மேசை மேல் இருந்த கருத்துத் தாளை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, மணி மணியாக எழுதினார். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவரே கீழே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மார்ச் 14, வெள்ளி

காலை ஆறு மணிக்கு ஆமைக் கரை. மணலில் குழி குழியாக வேலி போட்டு, ஒவ்வொரு குழிக்கும் பலகை. முட்டை வைத்த தேதி, எத்தனை முட்டை. பொரிந்த குஞ்சுகளைக் கூடையில் கொண்டுவந்து ஈர மணலில் விட்டார்கள். உள்ளங்கை அளவு. எல்லாம் கடலைப் பார்த்து நடந்தன. எத்தனை பிழைக்கும் என்று மகன் கேட்டான். "போய் எண்ணிப் பாத்தவங்க யாரும் இல்ல சார்" என்றார் காவலாளி.

திரும்பி வந்தால் அறையில் வேறொருத்தி. விரிப்பெல்லாம் மாற்றி, காலடியில் விசிறி மாதிரி மடித்து வைத்திருந்தாள். அதுதான் இந்த ஓட்டல் மடிப்பாம். மூணாம் மாடி எங்கே என்று கேட்டேன். கையால் படிக்கட்டுப் பக்கம் காட்டினாள்.

படிக்கட்டில் கண்டேன். ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. மேற்பார்வையாளர் மூன்று குற்றம் எழுதியிருக்கிறாராம். எங்கள் அறையில் மூன்று நாளாக விரிப்பு மாற்றவில்லை. மடிப்பு தப்பு. விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்தது, அதை வராந்தாவில் போகும்போது அவரே பார்த்தாராம். அதற்கு மேல் சம்பந்தி அம்மாவின் தாள். நாளைக் காலை பத்து மணிக்குச் சாவியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

மூன்றும் நான் செய்தது. மூன்றுமே.

"நீ சொல்லலியா, பாட்டிதான் பண்ணாங்கன்னு?"

"சொன்னா, எந்த விருந்தாளியாவது இப்படிப் படுக்க போடுவாங்களான்னு கேப்பாங்க. அப்புறம் உங்களக் கூப்பிடுவாங்க. உங்க வீட்டுல சங்கடம் பாட்டி. விடுங்க."

சம்பந்தி அம்மாவிடம் போனேன். தாளைத் திரும்ப வாங்க முடியுமா என்றேன். "ஏன்? அதுல பொய்யா எழுதியிருக்கேன்?" என்றார். இல்லை. அதில் பொய் இல்லை.

மகனை வராந்தாவில் பிடித்தேன். எல்லாம் சொன்னேன்.

"அம்மா, இந்தத் தீவுல இது ஒண்ணுதான் ஓட்டலா? அவளுக்கு வேற வேலை கெடைக்கும். நம்ம பொண்ணுக்கு இந்த மாதிரி இடம் கெடைக்குமா? இன்னும் ரெண்டு நாள். ரெண்டே நாள் வாய மூடிட்டு இருங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அவன் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. பேத்தி முகத்தையும் பார்த்தேன். கட்டிக்கொள்ளப் போகிறவருடன் கரையில் நண்டு துரத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கும் ஒரு தடவை இப்படி ஆனது. காணாமல் போன துண்டு. எடுத்த விருந்தாளி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாசம் வேலை இல்லாமல் நின்றேன். இந்த மகனுக்கு அப்போது ஏழு வயது. அவனுக்கு ஞாபகம் இருக்காது.

என்ன செய்யப் போகிறேன்?

மார்ச் 15, சனி

குகைக்குப் போக வேன் ஒன்பதரைக்கு வந்தது. எல்லோரும் கீழே வரவேற்பறையில் நின்றோம். நான் மேலாளர் மேசைக்குப் போனேன். சின்ன வயசுக்காரர். மேற்பார்வையாளரும் பக்கத்தில் இருந்தார்.

"மூணாம் மாடிப் பொண்ணு மேல தப்பு இல்ல. படுக்க போட்டது நான். விரிப்பு மாத்த வேணாம்னது நான். கையப் பிடிச்சு உக்கார வெச்சதும் நான்."

அவர் மரியாதையாகச் சிரித்தார். "அம்மா, உங்க இரக்கம் புரியுது. ஆனா அந்த மடிப்ப மேற்பார்வையாளர் பாத்திருக்கார். அது தொழில் தெரிஞ்ச கை போட்ட மடிப்பு."

"அந்தக் கைதான் இது. மேல வாங்க."

"அம்மா, வேன் நிக்குது" என்றான் மகன். குரல் மாறியிருந்தது.

அறைச் சாவி சம்பந்தி அம்மாவின் கைப்பையில் இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்களோடு மாடி ஏறி வந்து கதவைத் திறந்தார். மகன் வாசலிலேயே நின்றான்.

கட்டிலில் இருந்ததை மொத்தமாக உருவிப் போட்டேன். விரிப்பை ஒரே உதறலில் விரித்தேன். தலைமாட்டில் முதலில், பிறகு கால்மாட்டில். மூலையைக் கடித உறை மாதிரி மடக்கி, மெத்தைக்கு அடியில் செருகி, விரல் முட்டியால் ஒரு இழுப்பு. தலையணை உறையின் வாய் கதவுப் பக்கம் பார்க்கக் கூடாது, திருப்பி வைத்தேன். மேலே கை தடவி முடித்தேன். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். முன்பெல்லாம் மூன்று.

மேற்பார்வையாளர் குனிந்து மூலையைப் பார்த்தார். "இதே மடிப்புதான் சார்."

"எங்க கத்துக்கிட்டீங்கம்மா?" என்றார் மேலாளர்.

"லாட்ஜ்ல. இருபத்தாறு வருஷம். ரெண்டாம் மாடி, பன்னெண்டு அறை. நிர்வாகம் இல்ல. துடைப்பம்."

இதை மேலாளரைப் பார்த்துத்தான் சொன்னேன். மேலாளருக்குச் சொல்லவில்லை.

சம்பந்தி அம்மா, மேலாளர் கையில் இருந்த தன்னுடைய தாளைக் கேட்டு வாங்கினார். எழுதியதைக் குறுக்கே ஒரே கோட்டால் அடித்தார். பக்கத்தில் கையெழுத்து, தேதி. திருப்பிக் கொடுத்துவிட்டு வேனுக்குப் போய்விட்டார்.

மேலாளர், சாவி ஒப்படைக்க வேண்டாம் என்றார். ஆனால் நிரந்தரமும் உடனே இல்லை. விருந்தாளி சொன்னாலும் விரிப்பு மாற்றாதது தப்புதான், இன்னும் ஒரு மாசம் சோதனை. அதுவும் சரிதான். எங்கள் லாட்ஜிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் குகைக்குப் போகவில்லை. கட்டம் காலியாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

திரும்பும் படகு. மகன் முன்னால், நான் பின்னால். மூணாம் மாடி படகுத்துறை வரை வந்து ஒரு துண்டுத் தாளில் போன் நம்பர் எழுதிக் கொடுத்து, என் நம்பரையும் மகன் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனாள்.

பாதி வழியில் சம்பந்தி அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு நாளா நான் கீழ போட்ட துண்ட நீங்க எடுத்தீங்க. நான் அத பாசம்னு நெனச்சுக்கிட்டேன்."

இரண்டையும் ஒரே கையால்தான் செய்கிறோம்.

"நீங்க பாத்த வேலைய பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க பள்ளிக்கூடத்து ஆயா இல்லாம நான் ஒரு நாள் ஓட்டியிருக்க முடியாது. ஆனா உங்க மகன் என் முகத்தைப் பாத்துச் சொன்னாரே. இனி அவர் சொன்ன ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் யோசிக்கணும்ல? எனக்கு ஒரு மாசம் வேணும்."

கரை வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 29, சனி

பேத்தி போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா பாட்டி?"

"ஒரு நாள் பொறுத்தா அவ போயிருப்பா."

"அவ யாரு பாட்டி நமக்கு?"

"மூணாம் மாடி" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. வைத்துவிட்டாள்.

நான் செஞ்சது தப்பா? அந்தப் பொண்ணைக் காப்பாத்த என் பொண்ணைக் கவுத்துட்டனா?

ஏப்ரல் 11, வெள்ளி

மகன் இன்று பேசினான். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று. சாப்பிட்டேன் என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சம்பந்தி அம்மா போன். மகனுக்கு இல்லை, எனக்கு. ஒரு மாசம் என்றவர் ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்.

"உங்க கிட்டயே கேட்டுடறேன். இன்னும் ஏதாவது கூட்டிச் சொன்னது இருக்கா? இப்பவே சொல்லிடுங்க."

யோசித்தேன். இருந்தது.

"பேரன் நீச்சல்ல ரெண்டாவது இல்ல. மூணாவது."

"அத யாரு சொன்னது? உங்க மகனா?"

"நான்தான். கலங்கரை விளக்கத்துக்குக் கீழ உக்காந்து சொன்னேன்." இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

அவர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் இருமினார். பிறகு சொன்னார்: "ஜூன் வேணாம். ஜூலைல வெச்சுக்கலாம். பெரிசா வேணாம், பதிவு அலுவலகம் போதும். என் பிள்ளை வேற யாரையும் கட்ட மாட்டேங்கறான்."

மகனிடம் சொன்னேன். தலையாட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

கல்யாணம் முடிந்தது. கையெழுத்துப் போட பத்து நிமிஷம். பேத்தி வந்து என் தோளில் சாய்ந்து நின்றாள், கொஞ்ச நேரம்தான்.

வெளியூர் ஆட்கள் தங்குவதற்கு ஒரு லாட்ஜில் நாலு அறை எடுத்திருந்தார்கள். மதியம் சம்பந்தி அம்மா எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்தார். "அந்த அறைங்க எனக்குத் திருப்தியா இல்ல. வந்து பாருங்க." மகன் முகம் சுருங்கியது. என்னை வேலைக்காரியாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்தான் போல. எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் இருந்தது.

மேலே போனதும் அவரும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். கல்யாணத் துணியோடு இரண்டு பேரும் எட்டுக் கட்டில் போட்டோம். மூலை மடிக்க அவருக்கு வரவில்லை. உயரம் அதிகம், குனியவும் கஷ்டம். அதை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

தீவிலிருந்து மூணாம் மாடி போன் செய்தாள். நிரந்தரம் ஆகிவிட்டது, ஏப்ரலிலேயே. சொன்னால் எங்கள் வீட்டில் மறுபடி ஏதாவது சங்கடம் வருமோ என்று இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். முட்டிக்கு வைத்தியம் பார்க்கிறாள். புதிதாக வந்த இரண்டு பேருக்கு அவள்தான் வேலை சொல்லித் தருகிறாள். நீலச் சட்டை போய், நிரந்தரக்காரர்களுக்கான வெள்ளைச் சட்டை கொடுத்திருக்கிறார்கள்.

போட்டோ ஒன்று அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். என் போனில் படம் தெரியாது, மகனின் போனில் வந்தது. அவனே கொண்டுவந்து காட்டினான். கொஞ்ச நேரம் அவனும் பார்த்துக்கொண்டு நின்றான். "இதுவா?" என்றான். "இதுதான்" என்றேன். படத்தில் நீலச் சட்டை. வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்தது, பயந்த முகம்.

அவனையே நம்பர் போட்டுத் தரச் சொல்லி, திரும்பக் கூப்பிட்டேன்.

"இது வேணாம்மா. வெள்ளைச் சட்டையோட புதுசா ஒண்ணு எடு. போன்ல அனுப்பாத, கடையில கழுவித் தபால்ல அனுப்பு, சுவத்துல மாட்டணும். விலாசம் சொல்றேன், எழுதிக்கோ."